மேல்தளத்தில் கிடக்கும் டிஎக்ஸ், வாங்கலாமா?

ஈசூன்வாசி:
சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள பலமாடி கார் பார்க்கின் மொட்டைத் தளத்தில் ஒரு டொயோட்டா கரோலா டிஎக்ஸ் (கேஇ70 மாடல்) இரண்டு வருடமாக அசையாமல் நிற்கிறது. உறை கிழிந்து தொங்குகிறது, பின் டயர்கள் தரையோடு தரை. 1983 வண்டியாம். உரிமையாளர் ஒரு மலாய்க்காரப் பெரியவர், கண் மங்கியதால் ஓட்டுவதில்லை என்று துப்புரவு செய்யும் அண்ணன் சொன்னார். எங்கள் அப்பா இதே மாதிரி வெள்ளை டிஎக்ஸில்தான் தைப்பூசத்துக்கு அழைத்துப் போவார். ஏசி கிடையாது, பால்குடம் என் மடியில். வாங்கிச் சரிசெய்ய ஆசை. எதை முதலில் பார்க்க வேண்டும்?

பழைய இரும்பு:
தம்பி, முதலில் காகிதம், அப்புறம்தான் கார். பெரியவரின் வீட்டாரை சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாக, வண்டி விவரங்கள் உள்ள ஒன்மோட்டோரிங் இணையத்தளத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சிஓஇ, அதாவது குறிப்பிட்ட வருடங்களுக்குக் கார் வைத்திருக்க அனுமதிக்கும் சான்றிதழ், எந்த வகை என்று பாருங்கள். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தால் அதை மறுபடி புதுப்பிக்க முடியாது. பத்து வருடம் என்றால் முடியும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2012-இல் 1986 நிசான் சன்னி ஒன்று வாங்கினேன். “முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளலாம்” என்றார் விற்றவர், நானும் தலையாட்டினேன். பதினாறு மாதம் ஞாயிறுதோறும் சுங்கை கடுட் தொழிற்பேட்டையில் வெல்டிங், பெயின்ட். முடித்து ஒரு வருடம்கூட ஓட்டவில்லை, ஐந்து வருடக் கணக்கு தீர்ந்துவிட்டது. வண்டிக்கு 35 வயது ஆகாததால், பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்திலும் சேர்க்க முடியவில்லை. பதிவு நீக்கிப் பழைய இரும்புக்குக் கொடுத்தேன். ஸ்டியரிங் மட்டும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. மனைவி அதில் குடை மாட்டுகிறார்.

உங்கள் டிஎக்ஸ் 35-ஐத் தாண்டிவிட்டது. ஒருவேளை ஏற்கெனவே கிளாசிக் திட்டத்திலேயே இருக்கலாம். அப்படியானால் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும், வாரத்துக்கு ஒரு நாள்கூடத் தேறாது. சாதாரணப் பதிவென்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் 14 வயது தாண்டியதால் சாலை வரி ஒன்றரை மடங்கு, வருடா வருடம் சோதனை.

காகிதம் சரியென்றால் ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பின்சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, பேட்டரித் தட்டு, முன் சஸ்பென்ஷன் மேலே வந்து முட்டும் இடம். காந்தம் ஒட்டாவிட்டால் அங்கே துருவை மறைக்கப் பூசிய புட்டிதான். கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். திறந்த மாடியில் இரண்டு வருட மழை வாங்கிய வண்டி, பின் கண்ணாடி ரப்பர் வழியாக டிக்கியில் தண்ணீர் இறங்கியிருக்கும்.

எஞ்சினுக்குப் பயப்படாதீர்கள். இந்த வண்டியின் 4கே எஞ்சின் எளிமையானது. சாவியை உடனே திருப்பாமல், பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கிராங்க் புல்லியை ஸ்பானரால் கையாலேயே சுற்றிப் பாருங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். கிரில், விளக்குகள், டாஷ்போர்டு, கதவு ரப்பர் இவை முழுசாக இருக்கின்றனவா? எஞ்சின் செத்த, ஆனால் உதிரிகள் முழுசாக உள்ள வண்டியே என் தேர்வு.

ஜோகூர் மருமகன்:
அண்ணன் சொல்வது சரி. உதிரிகளுக்கு ஜோகூர் பாரு பழைய சாமான் கடைகளைப் பாருங்கள், அந்தப் பக்கம் டிஎக்ஸ் நிறைய ஓடியது. ஆனால் மாமனார் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மலேசியப் பதிவு வண்டியை வாங்கிவிடாதீர்கள். சிங்கப்பூரில் வசிக்கும் நாம் அதை இங்கே ஓட்டக் கூடாது. எனக்கும் அந்த ஆசை இருந்தது!

ஈசூன்வாசி:
நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். விற்கும் எண்ணமே இல்லாமல் இருந்தவர், பால்குடக் கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டு மாடிக்குக் கூட்டிப்போனார். இடது பின்வளைவில் காந்தம் ஒட்டவில்லை. கிரில், விளக்குகள் எல்லாம் இருக்கின்றன. ஒன்மோட்டோரிங்கை மகள் சனிக்கிழமை வந்து திறப்பாராம்.