ஹீட்டர் ராடு பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது, நம்பர் இல்லை. நம்பலாமா?

குளிர்காய்பவன்:
மார்கழிக் குளிருக்கு அம்மா சந்தையில் 280 ரூபாய் கொடுத்து ஒரு ஹீட்டர் ராடு வாங்கி வந்துவிட்டார். 1500 வாட்ஸ். பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரையும் சிஇ முத்திரையும் அச்சிட்டிருக்கிறது. ராடின் மேல் ஒன்றுமே இல்லை. "ரெண்டு முத்திரை இருக்கே, அப்புறம் என்ன" என்கிறார் அம்மா. தண்ணீருக்குள் விடுகிற சாமான், எனக்குப் பயமாக இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

மாடிவீடு:
ஐஎஸ்ஐ இருந்தால் அரசாங்கமே பார்த்து விட்ட பொருள். ஸ்டார் எத்தனை என்று பாருங்கள், அது போதும்.

பழைய ஃபியூஸ்:
ஸ்டாருக்கும் ஷாக்குக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்பதற்குத்தான் ஸ்டார். 22 வருடமாக எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன், இந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை.

சிஇ ஐரோப்பாவுக்கானது. இந்த மாதிரி வீட்டுச் சாமான்களுக்குத் தயாரிப்பவரே சோதித்து, தானே ஒட்டிக்கொள்வது. நம் ஊரில் அது ஐஎஸ்ஐக்கு ஈடாகாது.

இனி ஐஎஸ்ஐ. வெறும் படம் முத்திரை ஆகாது. படத்துக்கு மேலே தரநிலை எண் இருக்க வேண்டும். ஹீட்டர் ராடுக்கு ஐஎஸ் 368. கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் நம்பர். அந்த நம்பர்தான் உயிர். ஒரு தொழிற்சாலைக்கு, ஒரு பொருளுக்கென்று கொடுப்பது. ஐஎஸ்ஐ முத்திரையைக் கொடுக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் அதிகாரி ஆலைக்கே போய், சோதனைக் கருவிகள் இருக்கிறதா என்று பார்த்து, சாம்பிளை லேபில் சோதித்த பிறகுதான் லைசென்ஸ். அதற்குப் பிறகும் ஆலையிலும் கடையிலும் சாம்பிள் எடுப்பார்கள்.

அயர்ன் பாக்ஸ், கீசர், வயர், ஸ்விட்ச், ஹீட்டர் ராடு எல்லாம் அரசு ஆணைப்படி ஐஎஸ்ஐ இல்லாமல் விற்கவே கூடாத சாமான்கள். சந்தையில் யார் கேட்கிறார்கள், அது வேறு கதை.

போனில் பிஐஎஸ் கேர் செயலியைப் போட்டு, லைசென்ஸ் நம்பரைத் தட்டுங்கள். கம்பெனி பெயர், பொருள், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். ஒருமுறை ஒரு சப்ளையர் எனக்கு அனுப்பிய வயர் பெட்டியில் நம்பர் இருந்தது. தட்டிப் பார்த்தால் எப்போதோ காலாவதி. நான்கு பெட்டியையும் திருப்பி அனுப்பினேன். அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

சோல்டரிங் அயர்ன்:
என் மொபைல் சார்ஜரில் ஐஎஸ்ஐ இல்லையே, அதுவும் போலியா?

பழைய ஃபியூஸ்:
இல்லை. சார்ஜர், பவர் பேங்க் வகையறா கட்டாயப் பதிவுத் திட்டத்தில் வரும். அதில் ஐஎஸ் எண்ணும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். அங்கே லேப் அறிக்கையை வைத்துப் பதிவு. ஐஎஸ்ஐ மாதிரி முதலில் ஆலையைப் பார்ப்பதில்லை. அதே செயலியில் அதையும் பார்க்கலாம்.

ராடு அசலாகவே இருந்தாலும் வீட்டில் எர்த் இல்லை என்றால் பயனில்லை. மூன்றாவது பின் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். வாளியில் வைத்து, பிறகு ஸ்விட்ச் போடுங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை.

குளிர்காய்பவன்:
பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். உள்மடிப்பில் பொடி எழுத்தில் ஒரு சிஎம்/எல் நம்பர் இருந்தது அண்ணா! தட்டினேன். வேறொரு கம்பெனியின் வயருக்கான லைசென்ஸ் என்று வருகிறது.

பழைய ஃபியூஸ்:
அட, இப்படியும் செய்கிறார்கள். யாரோ பாவம், அவர் நம்பரைத் திருடி அச்சடித்திருக்கிறார்கள். அதே செயலியில் புகார் பிரிவு இருக்கிறது, பெட்டியைப் படம் எடுத்துப் போடுங்கள். ராடை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், வயரை வெட்டிவிட்டுப் போடுங்கள்.

குளிர்காய்பவன்:
வெட்டியாச்சு. பிளக் நல்லாத்தானே இருக்கு என்று அம்மா அதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்.

பழைய ஃபியூஸ்:
அதையும் தூக்கிப் போடச் சொல்லுங்கள் தம்பி.