வாட்ஸப் குரூப்பில் ஃபார்ம் அனுப்பினால் சாம்பிள் ஆகாதா?

தூங்காதவள்:
எம்.எஸ்சி உளவியல், இரண்டாம் வருஷம். படுக்கையில் போன் பார்ப்பதற்கும் தூக்கத்தின் தரத்துக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் என் ஆய்வு. தூக்கத்துக்கு பிட்ஸ்பர்க் கேள்வித்தாள், போனுக்கு நானே எழுதிய ஆறு கேள்விகள். எல்லாவற்றையும் கூகுள் ஃபார்மில் ஏற்றி, "தூக்கம் வரலையா? போன்தான் காரணமா?" என்று தலைப்புப் போட்டு ஹாஸ்டல் குரூப், யூஜி ஜூனியர்கள் குரூப், எங்கள் குடும்ப குரூப் மூன்றிலும் போட்டேன். மூன்றே நாளில் 112 பேர் நிரப்பிவிட்டார்கள். கைடு பார்த்துவிட்டு "இது சாம்பிளே இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இன்னும் நூறு பேரைப் பிடித்தால் சரியாகுமா?

எண்கணக்கன்:
ஆகாது. மொத்தக் கூட்டத்துக்கும் பிரதிநிதியாக இருக்கும் சிலர்தான் சாம்பிள், வெறும் எண்ணிக்கை அல்ல. 1936 அதிபர் தேர்தலுக்கு முன் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தது. அதை வைத்து லாண்டன் ஜெயிப்பார் என்றார்கள். எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலும் கார் பதிவேட்டிலும் எடுத்திருந்தார்கள். அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? போதாததற்கு, சீட்டு வந்தவர்களில் திருப்பி அனுப்பியதே கால்வாசிப் பேர்தான்.

பழையமாணவி:
தங்கச்சி, எண்ணிக்கையில் பழுதில்லை. 0.3 அளவுள்ள தொடர்பை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க 84 பேர் இருந்தாலே போதும். கோளாறு உன் தலைப்பில். "தூக்கம் வரலையா" என்றால் யார் திறப்பார்? வராதவர்தான். படுத்ததும் குறட்டை விடுகிறவர் தாண்டிப் போய்விடுவார். "போன்தான் காரணமா" என்று விடையையும் நீயே எடுத்துக் கொடுத்துவிட்டாய்.

1971இல் மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்த உளவியலாளர் ஜிம்பார்டோவின் ஸ்டான்ஃபோர்ட் சிறை ஆய்வுக்கு ஆள் எடுத்த விளம்பரத்திலேயே "சிறை வாழ்க்கை" என்று இருந்தது, நாளுக்கு 15 டாலர். 2007இல் கார்னஹன், மெக்ஃபார்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதே மாதிரி ஒரு விளம்பரமும், அந்தச் சொல் மட்டும் இல்லாத இன்னொரு விளம்பரமும் கொடுத்தார்கள். சிறை எதுவும் நடத்தவில்லை, வந்தவர்களின் குணத்தை மட்டும் அளந்தார்கள். "சிறை" என்று படித்துவிட்டு வந்தவர்களிடம் முரட்டுத்தனம் கூடுதல், இரக்கம் குறைவு. ஒரு சொல்தான் வித்தியாசம்!

நான் உன்னைவிட மோசம். பரீட்சை பயம் பற்றிய ஆய்வுக்கு லைப்ரரியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் மட்டும் தாள் கொடுத்தேன், அதுவும் பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால். வைவாவில் "பயமே இல்லாதவர்கள் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்டார்கள். "கேன்டீனில், மேடம்" என்றேன். சிரித்துவிட்டுத்தான் மார்க்கைக் குறைத்தார்கள்.

தூங்காதவள்:
அக்கா, அப்போ 112ஐயும் தூக்கிப் போடவா? 😭

பழையமாணவி:
போடாதே. நீ எழுதிய ஆறு கேள்விகள் புரிகிறதா, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க அது முன்னோட்டமாக உதவும்.

முதலில் யாரைப் பற்றிய ஆய்வு என்று முடிவு செய். விடுதி மாணவிகள் என்றால் அவர்கள் மட்டும்தான். பெரியம்மாவின் தூக்கத்தையும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் தூக்கத்தையும் ஒரே சட்டியில் கிண்டாதே. வார்டனிடம் அறைப் பட்டியல் வாங்கி, கம்ப்யூட்டரில் குலுக்கி 120 பேரை எடு. நேரில் போய்க் கதவைத் தட்டு. மறுத்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதி வை, கமிட்டி கட்டாயம் கேட்கும். "மாணவிகளின் இரவுப் பழக்கங்கள்" என்று தலைப்பு வை. என்ன கேட்கப்போகிறாய் என்பதைச் சம்மதப் படிவத்தில் ஒளிக்காமல் சொல்.

பிட்ஸ்பர்க் தாள் கடந்த ஒரு மாதத் தூக்கத்தைக் கேட்கிறது. செமஸ்டர் பரீட்சை நடக்கும்போது கொடுத்தால் நீ அளப்பது போனை அல்ல, பரீட்சையை.

எண்கணக்கன்:
முதல் வருஷ ஜூனியர்களில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்களே? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 வழிகாட்டுதல்படி 18க்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். அலைய முடியாதென்றால் "18 வயது நிரம்பியவர்கள்" என்று முதலிலேயே வரம்பு போட்டுவிடுங்கள்.

தூங்காதவள்:
18+ என்றே வைத்துவிட்டேன் சார். அறைப் பட்டியல் வேண்டுமானால் கைடு கையெழுத்தோடு கடிதம் கொண்டு வா என்கிறார் வார்டன். நாளைக்கு அதற்குத்தான் போகிறேன். குடும்ப குரூப்பில் பெரியப்பா இன்னும் "ரிசல்ட் எப்போம்மா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.