சுங்குடி யூனிட்டுக்கு நடைமுறை மூலதனம்: தண்டலா, பேங்க் சிசியா (கேஷ் கிரெடிட்)?

செல்லூர்: வருட விற்பனை சுமார் 40 லட்சம். கடைக்காரர்கள் 90 நாள் கழித்தே பணம் தருகிறார்கள். நூலும் சாயமும் ரொக்கத்துக்குத்தான் கிடைக்கிறது. தண்டல் வாங்கிச் சமாளிக்கலாமா?

அனுப்பானடி: வேண்டாம் தம்பி. 9,000 கையில் வாங்கி, தினம் 100 வீதம் 100 நாள் கட்டினால் வட்டி 1,000தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைவதால், கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். பேங்கில் சிசி கேளுங்கள்; லிமிட் வரை வேண்டும்போது எடுத்து, வசூலானதும் திருப்பிக் கட்டும் கணக்கு அது. எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம், அதாவது 8 லட்சம் வரை கேட்க இடமுண்டு. சிறு தொழில் கடனுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் இது தருண் பிரிவு, அடமானம் இல்லை. எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி. ஆனால் சிசி பணத்தில் மெஷின் வாங்கிவிடாதீர்கள், எல்லோரும் மாட்டுவது அங்கேதான். அந்தப் பணம் சுழலாது, லிமிட் நிரம்பியே நிற்கும். மெஷினுக்குத் தனி டெர்ம் லோன், அதாவது தவணையில் கட்டும் கடன்.

திருமங்கலம்: அண்ணன் சொன்னதோடு ஒன்று. 90 நாள் தாண்டிய பாக்கியைப் பேங்க் பொதுவாக டிராயிங் பவரில் (சரக்கு, பாக்கி கணக்கை வைத்து எடுக்க விடும் தொகை) சேர்க்காது. வசூல் இழுத்தால் லிமிட்டும் சுருங்கும். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், முதலில் அதை முடியுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கடைக்காரர் பணம் தர வேண்டும் என்பது சிறு, குறு தொழில்களுக்கான 2006 சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிடுங்கள்.

செல்லூர்: தவணை தவறினால்?

அனுப்பானடி: 90 நாள் ஆனால் வாராக்கடன். முதல் மாதமே மேனேஜரிடம் எழுத்தில் மறுசீரமைப்பு கேளுங்கள்.