தினம் ஒரு படம்: எடுக்கப் போன இடத்தில் யாரைச் சந்தித்தீர்கள்?

வண்டல்மண்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓவியன், மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர். தினமும் ஒரு படம் எடுத்துப் பகிர்கிற பழக்கம் வரைவதற்காகத்தான் வந்தது. எருமை எழுந்திருக்கும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். குதிரை முன்னங்காலை ஊன்றி எழும். கண் பார்த்திருந்தாலும் கை மறந்துவிடும். படமாக இருந்தால் திரும்பத் திரும்பப் பார்த்து வரையலாம். அப்படித் தொடங்கியதில் ஆடு, மாடு, கொக்கு, பேருந்து நிலையத்து டீக்கடை, ரயில் ஜன்னலில் ஓடிய ஊர் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன.

பார்க்கிறவர்கள் என்ன லென்ஸ், எந்த இடம் என்று கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. எந்த விலங்கை எடுக்கப் போனாலும் அதைத் தெரிந்த ஒரு மனிதர் பக்கத்தில் இருக்கிறார். மேய்க்கிறவர், கறக்கிறவர், அந்த மரத்தடியில் கடை போட்டிருக்கிறவர். அவரிடம் பேசிவிட்டு எடுத்த படத்துக்கும் பேசாமல் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரிகிறது. நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றி எழுதுங்கள். முதலில் என்னுடையது.

பொங்கல் கழிந்து சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருவார்கள். பகலெல்லாம் அறுத்த வயலில் மேய்ச்சல், இரவில் யாராவது ஒருவர் வயலில் கிடை. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். வயல்காரர் ராத்திரிக் கணக்கில் கூலி கொடுப்பார். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நடவு ஆரம்பம். அதற்குள் ஆடுகள் ஊர் திரும்பியாக வேண்டும்.

மாசியில் ஒரு விடியற்காலை அப்படி ஒரு கிடைக்குப் போனேன். கவிழ்த்து வைத்த கூட்டுக்குள் குட்டிகள் கத்த, வெளியே தாய் ஆடுகள் பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தன. கம்பை ஊன்றி நின்றிருந்த பெரியவர், "என்ன தம்பி, ஆடு பார்க்க வந்தீங்களா?" என்றார்.

"இல்லீங்கய்யா, நான் படம் வரையறவன். ஆடுகளை போட்டோ எடுத்துக்கலாமான்னு கேக்க வந்தேன்."

கையிலிருந்த வரைபுத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, "எடுக்கறதுன்னா காது தெரியற மாதிரி எடுங்க. காதுல வெட்டுக்குறி இருக்கும். எத்தனை கிடை ஒண்ணாக் கலந்தாலும் அதை வச்சுத்தான் யாரு ஆடுன்னு பிரிப்போம்" என்றார். அதுவரை நான் ஆட்டின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன். பெரும்பாலும் ராமநாதபுரம் வெள்ளை. நடுவில் செம்பட்டைத் திட்டுகளோடு சில வெம்பூர் ஆடுகள், பொட்டு ஆடு என்கிறார்களே, அவை. எடுத்த படங்களைக் காட்டியபோது அவர் ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னார். இது கோட்டூர்ப் பக்கம் கிடை கிடந்தப்போ பிறந்தது, இதன் தாய் போன மழையில் போய்விட்டது, இது எந்நேரமும் வரப்பு தாண்டும். நான் கும்பலாகப் பார்த்ததை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

கிளம்பும்போது ஒன்று கேட்டுக்கொண்டார். "எங்க கிடக்கோம்னு மட்டும் போட்டுடாதீங்க. ராத்திரியில ஆடு தூக்க வருவாங்க." அன்றிலிருந்து கிடைப் படங்களை அவர்கள் வேறு ஊருக்கு நகர்ந்த பிறகுதான் பகிர்கிறேன். ஊர்ப் பெயர் போடுவதில்லை. தினப் படம் என்றால் அன்றைய படமாகத்தான் இருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பெரியவரின் தூக்கம் எனக்கு அதைவிட முக்கியம்.

தாமிரபரணி:

அண்ணா, இதைப் படிச்சதும் எங்க சித்தி ஞாபகம் வந்துட்டு. கூந்தன்குளம் எங்க அம்மா பிறந்த ஊரு, நாங்குநேரிப் பக்கம். 1994-ல சரணாலயமாச்சு, அப்புறம் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்துட்டு. ஆனா அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாலயே ஊருக்குள்ள வீட்டு மரத்துல பறவை கூடு கட்டும். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா எல்லாம். முற்றத்துல எச்சம் விழும், காயப்போட்ட துணியில விழும், மீன் நாத்தம் வீசும். யாரும் விரட்ட மாட்டாவ. கூட்டுலயிருந்து குஞ்சு தவறி விழுந்தா எடுத்து வச்சு மீன் குடுத்து வளக்கிறவங்க ஊர்ல இருந்திருக்காவ. குளத்து வண்டலும் எச்சமும் வயலுக்குப் போகும்.

ஒரு லீவுல நான் அங்க இருக்கும்போது வெளியூர்லயிருந்து ஒருத்தர் பெரிய கேமராவோட வந்தாரு. பறவை பறக்குற படம் வேணும் அவருக்கு. பக்கத்துல நின்ன பையன்கிட்ட மரத்தைப் பாத்து ஒரு கல்லு எறியச் சொன்னாரு. சித்தி அடுப்படியிலயிருந்து வந்து பையன் கையைப் பிடிச்சிட்டாவ. "பிரசவத்துக்கு வந்த பிள்ளையளை எழுப்புவீயளா?" அவ்வளவுதான் கேட்டாவ. அவரு கேமராவைக் கீழ வச்சுட்டு திண்ணையில உக்காந்துட்டாரு. சித்தி மோர் கொண்டுவந்து குடுத்தாவ. சாயங்காலம் இரை தேடிப் போன பறவையெல்லாம் தன்னால திரும்பி வந்துச்சு, அவருக்கு வேண்டிய படம் கிடைச்சுது. நான் இப்ப போன்லதான் தினமும் எடுக்கேன். யாரு முற்றத்து மரமா இருந்தாலும் அந்த வீட்டு ஆளுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான்.

ரேடியல்ரோடு:

நான் பள்ளிக்கரணையைத் தினம் ரெண்டு தடவை கடக்கிறவன். துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகிற சாலை சதுப்பு நிலத்தை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் தாழைக்கோழி, இன்னொரு பக்கம் குப்பைமேட்டுப் புகை. ராம்சர் கணக்கில் இது ஏறத்தாழ 1,250 ஹெக்டேர். வண்டியில் போகிறவருக்குப் புல்லும் தண்ணீரும் கொஞ்ச தூரம் தெரியும், அவ்வளவுதான்.

எனக்குப் பறவைகளைக் காட்டிக்கொடுத்தவர் சாலையோரம் ஒரு கட்டடத்தில் இரவுக் காவல் பார்க்கும் அண்ணன். இருபது வருடமாகச் சென்னையில் இருந்தும் அவர் கண் இன்னும் விழுப்புரத்து ஏரிக்கரையில்தான் இருக்கிறது. "சார், நேத்து பூநாரை இறங்கிச்சு, அந்த மின்கம்பத்துக்கு நேரா பாருங்க" என்பார். எனக்கு வெறும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தவை அப்புறம்தான் கால், கழுத்து, அலகு என்று பிரியும். தண்ணீர் ஏறினால் பூநாரை விலகிவிடும், கால் எட்டுகிற ஆழத்தில்தான் அது தலைகீழாக அலகை வைத்து வடிகட்டித் தின்னும் என்றும் அவரே சொன்னார். புத்தகத்தில் தேடினேன், சரியாக இருந்தது.

ஒரு சந்தேகம், வண்டல்மண் சார். எருமையை எடுத்தால் எனக்குச் சாம்பல் நிறமாக வருகிறது. கொக்கை எடுத்தால் இறகே தெரியாமல் வெளுத்துப்போகிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வண்டல்மண்:

தம்பி, கேமராவோ போனோ, எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். சட்டகம் முழுக்க எருமை என்றால், இருட்டாக இருக்கிறதே என்று அதுவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கறுப்பு வெளிறிப்போகும். பச்சை வயல் நடுவே ஒரு சின்னக் கொக்கு என்றால் வயலைக் கணக்கில் வைத்துக் கொக்கைச் சுட்டுவிடும். ரெண்டுக்கும் மருந்து ஒன்றே. போனில் விலங்கின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். எருமைக்கு மேகமூட்டமான நாள்தான் நல்லது. வெயிலில் முதுகு கண்ணாடியாகப் பளபளக்கும், உடம்பின் உருட்டு தெரியாது. எங்கள் பக்கத்து உம்பளாச்சேரி மாடுகளுக்கும் அப்படித்தான். கன்று செவலையாகப் பிறந்து வளர வளரச் சாம்பலாக மாறும். அந்த இடைப்பட்ட மாதங்களின் நிறத்தை மப்பு வெளிச்சத்தில்தான் பிடிக்க முடியும்.

தாமிரபரணி தங்கச்சி, உங்கள் சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கடவூர்க்குன்று:

அய்யலூர்ப் பக்கம் தோட்டம் எங்களுக்கு. தேவாங்கு இங்கே ராத்திரியில் வேலி மரத்திலேயே கிடைக்கும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022-இல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள், இந்தியாவிலேயே இந்த விலங்குக்கு முதலாவது. என் தாத்தா காலத்தில் இதைக் கண்டால் சகுனம் சரியில்லை என்பார்கள், மருந்துக்கு என்று பிடித்துக்கொண்டும் போவார்கள். இப்போது பூச்சி தின்கிற ஜீவன் என்று தெரிந்து ஜனங்கள் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே படமெடுக்க வந்த ஓர் ஓவியப் பெண்ணை எங்கள் தோட்டத்துக் காவல்கார அண்ணன்தான் கூட்டிக்கொண்டு போனார். கூடப் போனவன் நான். அண்ணன் டார்ச் கண்ணாடியில் சிவப்புக் காகிதத்தைச் சுற்றி வைத்திருந்தார். ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததாம், சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. பிளாஷ் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பாலை மரக் கிளையில் ரெண்டு கண் மட்டும் செம்பொன்னாக மின்னியது. அது ஒரு கையை எடுத்து அடுத்த கொம்பைப் பிடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் அந்தப் பெண் உட்கார்ந்து பென்சிலால் முழு உருவத்தையும் வரைந்துவிட்டார். போட்டோ மங்கலாகத்தான் வந்தது. வரைந்த படத்தைக் காவல்கார அண்ணனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவர் வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.

நூலகத்துப்படி:

தம்பிகளே, ஓவியமும் படமெடுப்பும் ஒரே கையில் இருந்த பெரியவர் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். மா. கிருஷ்ணன், 1912-இல் பிறந்தவர், நாவலாசிரியர் மாதவையாவின் மகன். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். தான் எழுதியவற்றுக்குத் தானே கோட்டோவியமும் போட்டார். 1950-இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடங்கிய பத்தியை 1996-இல் இறக்கும்வரை எழுதினார். புலி, யானையோடு நிற்காமல் வீட்டுக் கூரை அணில், காகம், தெரு நாய் பற்றியும் அதே அக்கறையோடு எழுதியவர். நான் நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர் ஒருவர் அவர் எழுத்தைப் படிப்பதற்கென்றே வருவார். அணில் வாலை அவர் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, வெளியே போய் வேப்பமரத்து அணிலைப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து மிச்சத்தைப் படிப்பார். படிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கடைமடை:

எங்கள் ஊரில் அறுவடைக்குப் பிறகு வாத்து மேய்க்கிறவர்கள் வருவார்கள். சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்குத் தீனி. இரவில் வலை கட்டிப் பட்டி. விடிவதற்குள் முட்டை இட்டுவிடும், இருட்டோடு பொறுக்க வேண்டும். நான் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அந்த அண்ணன், விடுதியில் தங்கிப் படிக்கும் தன் மகனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பையனிடமிருந்து உடனே பதில்: "சார், அப்பா கால் வீக்கம் எப்படி இருக்கு? படத்துல கால் தெரியல." வாத்துகளைச் சட்டகத்தில் நிரப்புவதற்காக அவரை இடுப்போடு வெட்டியிருந்தேன். மறுநாள் அவரை வரப்பில் உட்காரவைத்து, ரெண்டு காலும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன். பையன் அதைப் பார்த்துவிட்டு அவரோடு வெகுநேரம் போனில் பேசினான். சேற்றிலேயே நிற்கிறவர்களுக்கு இது வரும் என்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். களிம்பு கொடுத்தார்கள், கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வண்டல்மண் சார், கோடியக்கரைக்கு எப்போது போகலாம்? வெளிமானும் பூநாரையும் எடுக்க ஆசை.

வண்டல்மண்:

தை மாதம் நல்லது, வலசைப் பறவைகள் இருக்கும். வனத்துறைச் சோதனைச்சாவடியில் அனுமதி வாங்கிக்கொண்டு காலை வெளிச்சத்தோடு உள்ளே இருங்கள். வெயில் ஏறினால் உப்பளத்தின் மேல் கானல் எழும். எவ்வளவு விலையுள்ள லென்ஸிலும் பூநாரையின் கழுத்து நெளிந்துதான் வரும். மானை நடந்து துரத்த வேண்டாம், ஓரிடத்தில் உட்கார்ந்தால் மந்தை தானாக மேய்ந்துகொண்டு வரும். கறுத்த முதுகோடு முறுக்குக் கொம்பு இருப்பது கிடா, மற்றவை பழுப்பு. வேதாரண்யத்தில் உப்பளத் தொழிலாளிகள் அதிகாலையிலேயே வேலைக்கு இறங்கிவிடுவார்கள். பூநாரை எந்தப் பாத்தியில் நிற்கிறது என்று அவர்களைக் கேளுங்கள். வாத்துக்கார அண்ணன் இன்னும் உங்கள் ஊரிலேயே பட்டி போட்டிருக்கிறாரென்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன்.