வெளிறிய உளுந்து

கதிர்: உளுந்து விதைத்து 25 நாள் ஆகிறது. அடி இலையெல்லாம் வெளிறி நிற்கிறது. நாளைக்கு வயல் முழுக்க யூரியா போட்டுவிடலாமா?

பெரியப்பா: போடு தம்பி. சீக்கிரம் பச்சை பிடித்துவிடும்.

செல்வி: பெரியப்பா, கொஞ்சம் பொறுங்கள். கதிர், முதலில் ஒரு செடியை எடுத்துப் பார். கையால் பிடுங்கினால் வேரில் இருப்பது மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் ஒரு சாண் தள்ளி வெட்டி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாக அலசு.

கதிர்: நம் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருக்கிறேன் அக்கா. கடுகு அளவில் நாலைந்து உருண்டைதான். வேரைத் தாக்கும் நூற்புழுவா?

செல்வி: விரலால் தேய். கழன்று வந்தால் வேர்முடிச்சு. நூற்புழு என்றால் வேரே வீங்கியிருக்கும், கழலாது. கழன்றதை நகத்தால் கீறி, உள்ளே என்ன நிறம் என்று சொல்.

கதிர்: கழன்றுவிட்டது. உள்ளே வெள்ளை.

செல்வி: அப்படியென்றால் அது வேலை செய்யவில்லை. நல்ல முடிச்சின் உள்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் பொருளின் உறவுதான் அது, லெக்ஹீமோகுளோபின். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேராக எடுக்க முடியாது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாதான் அதை அமோனியாவாக மாற்றித் தருகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. பாக்டீரியா உயிரோடு இருக்கவோ ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அளந்து அளந்து கொடுப்பது இந்தச் சிவப்புப் பொருள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவே அலுக்காது.

சித்தி: விதைக்கும் முன் செய்த விதைநேர்த்திக்கு நான்தானே கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன்?

கதிர்: ஆமாம் சித்தி. பூஞ்சணக்கொல்லி கலந்த கையோடு ரைசோபியத்தையும் கலந்துவிட்டோம். அந்தப் பாக்கெட் காலையிலிருந்து வண்டியில் வெயிலில் கிடந்தது.

செல்வி: பாவம், அது உயிருள்ள பொருள். வெயில் பாதி, மருந்து பாதி என்று செத்திருக்கும். பூஞ்சணக்கொல்லி கலந்தால் 24 மணி நேரம் விட்டுத்தான் ரைசோபியம். ஆறிய கஞ்சியில் கலந்து, நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும்.

கதிர்: அக்கா, வடக்கு மூலை மட்டும் கரும்பச்சையாக இருக்கிறது. போன வருடம் அங்கே தட்டைப்பயறு போட்டிருந்தோம்.

செல்வி: அங்கேயும் ஒரு செடி தோண்டு! தட்டைப்பயறுக்கும் உளுந்துக்கும் முடிச்சு வைப்பது ஒரே கூட்டம்தான். கொண்டைக்கடலைக்கு வேறு, சோயாவுக்கு வேறு. பாக்கெட்டில் எந்தப் பயிருக்கு என்று பார்க்கச் சொல்வது அதனால்தான்.

கதிர்: 31 முடிச்சு எண்ணினேன். கீறினால் பல் ஈறு மாதிரி சிவப்பு.

பெரியப்பா: அட! அப்போது யூரியா வேண்டாமா?

செல்வி: வெளிறிய பக்கத்துக்குக் கொஞ்சம் தேவைதான், நீங்கள் சொன்னது சரி. மூலைக்கு மட்டும் வேண்டாம். மண்ணில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தாராளமாகக் கிடைத்தால் செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்க்காது, முடிச்சு குறைந்துவிடும். அப்புறம் கதிர், பூக்கும்போது 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளி. தண்ணீர் தேங்க விடாதே, முடிச்சுக்கும் காற்று வேண்டும். அறுவடையில் பிடுங்காமல் அடியில் அறுத்து எடு, வேர் மண்ணிலேயே கிடக்கட்டும்.

சித்தி: அடுத்த தடவை பாக்கெட்டை என்னிடம் கொடு கதிர். குளிர்ந்த இடமாகப் பார்த்து வைக்கிறேன்.

பெரியப்பா: அந்த மூலைக்கு ஒரு குச்சி நட்டு வைத்துவிட்டு வா தம்பி. நாளைக்கு ஆள் தெரியாமல் விசிறிவிடப் போகிறார்கள்.