தேக்கு வளையத்தில் கொங்கு நாட்டு வறட்சி ஆண்டுகளைக் கண்டறிவது எப்படி?

தாராபுரத்தான்:
வணக்கமுங்க. ஆனைமலைத் தேக்குத் தோட்டத்து மரம், வெட்டிய ஆண்டு தெரிந்த வட்டத் துண்டு ஒன்று கையில் இருக்கிறது. ஒடுங்கிய வளையங்களை எண்ணி, இந்த வருஷம் மழை பொய்த்தது என்று சொல்லிவிடலாமா? கிராமக் கணக்குகளோடு எப்படிப் பொருத்துவது? ஊரில் பழைய மரங்கள் என்றால் பனையும் தென்னையும்தான். அவை உதவுமா?

மரவரி:
பனை, தென்னை உதவாதுங்க. ஒருவித்திலை மரங்கள், ஆண்டு வளையமே போடாது. தேக்கு நல்லது, மலைச்சரிவில் சந்தன வேம்பும் ஆகும்.

துண்டை நிழலில் காயவிடுங்க. வெயில் பட்டால் பிளக்கும். பிறகு உப்புத்தாள் 80, 120, 220, 400 என்று வரிசையாகப் போடணும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் நின்றுவிடும், மெல்லிய வளையம் அதில் மறையும். மரத்தில் நீர் ஏறும் துளைகளில் அடைத்த தூளைக் காற்றடித்து நீக்கிவிட்டு, 1200 டி.பி.ஐ. ஸ்கேன் எடுத்து அளக்கலாம்.

பெரிய தொல்லை போலி வளையம். சமவெளியில் கோடை மழைக்குத் துளிர்த்த மரம் ஆடிக்காற்றில் காய்ந்து நின்று, ஐப்பசி மழையில் மறுபடி வளரும். ஒரே ஆண்டில் இரண்டு வரி விழலாம். உண்மையான எல்லையில் பெருந்துளைகள் திடீரென்று வரிசையாகத் தொடங்கும். போலி மெல்ல மங்கித் தெளியும், பெரும்பாலும் முழு வட்டம் சுற்றாது. ஆகவே சந்தேகமான ஒவ்வொரு வரியையும் விரலால் சுற்றிப் பாருங்க. தேக்கின் அடிமரம் பள்ளமும் மேடுமாக இருப்பதால், பள்ளப் பக்கம் சில வளையம் காணாமலே போகும்.

ஒரு துண்டு போதாது. இலைதின்னிப் புழு துளிரைத் தின்ற ஆண்டும் ஒடுங்கும், தீப்பட்ட ஆண்டும் ஒடுங்கும். தோட்டத்தில் இடைவெட்டு (நெருக்கம் குறைய நடுநடுவே சில மரங்களை வெட்டுவது) செய்தால் அடுத்த சில வளையம் அகலும். அதை நல்ல மழை என்று நினைத்து ஏமாறுவோம். 20 மரமாவது வேணும், ஒவ்வொன்றிலும் நடுவிலிருந்து பட்டை வரை இரண்டு ஆரக்கோடுகளில் அளக்கணும். எல்லாவற்றிலும் சேர்ந்து ஒடுங்கிய ஆண்டை மட்டும் எடுங்க. இளமரத்தில் வளையம் இயல்பாகவே அகலம். அந்த வயதுப் போக்கை வகுத்து நீக்கிய பிறகே மழையோடு ஒப்பிடணும். கிணற்றோரம், வாய்க்காலோரம் நிற்கும் மரம் வேண்டவே வேண்டாம், வறட்சி அதற்குத் தெரியாது.

பசலிக்கணக்கு:
பதிவுப் பக்கம் நான் சொல்றேங்க. வருவாய்க் கணக்கு பசலியில், அதாவது நிலவரிக்கான ஆண்டுக் கணக்கில், இருக்கும். 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு, தொடக்கம் ஜூலை 1. பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. 1876 வளையமோ கோடையிலேயே தொடங்கிவிடும், அதனால் இரண்டு பசலிகளில் விழும். முந்தைய ஆண்டு சேமித்த மாவுச்சத்தையும் மரம் செலவிடுவதால், பாதிப்பு மறு ஆண்டு வளையத்திலும் தெரியலாம். ஏட்டில் "தாது" என்று தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் 1816, 1876, 1936 மூன்றில் எது என்று வேறு சான்று பார்க்கணும்.

தானிய விலையை மட்டும் நம்பாதீங்க. 1862இல் போத்தனூர் வழியாக ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வெளியூர்ப் பஞ்சமும் இங்கே விலையை ஏற்றும். வஜாவில் (நிலவரித் தள்ளுபடியில்) அதிகாரியின் முடிவு கலந்திருக்கும். கிணற்றுத் தோட்டம் ஒரு வருஷ வறட்சியைத் தாங்கி நிற்கும். கம்பு, சோளம் விதைக்காமல் தரிசாக விட்ட புஞ்சைப் பரப்புத்தான் என் பார்வையில் நேர்மையான சாட்சி. நிக்கல்சன் தொகுத்த 1887ஆம் ஆண்டுக் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டிலிருந்து தொடங்கலாம்.

இன்னொன்று. 2010இல் மரவளைய ஆய்வாளர் எட்வர்ட் குக் குழு வெளியிட்ட ஆசிய வறட்சி வரைபடத் தொகுப்பு 1756–68, 1790–96, 1876–78 வறட்சிகளைக் காட்டுகிறது. ஆனால் அது ஜூன்–ஆகஸ்டுக்கான கணக்கு. தாராபுரத்துக்கு முக்கியம் ஐப்பசி, கார்த்திகை மழை. இரண்டும் ஒத்துவராவிட்டால் உங்கள் அளவு தப்பு என்று நினைச்சுக்காதீங்க.

தாராபுரத்தான்:
ரொம்ப நன்றிங்க. பழைய வீட்டுத் தேக்கு உத்தரம் கிடைத்தால் 1876க்கு முன்னே போகலாமா?

மரவரி:
போகலாம், ஆனால் தச்சர் வெளிறை (பட்டைக்கு அடுத்த வெளிர் மரப்பகுதியை) செதுக்கி எறிந்திருப்பார், கடைசி ஆண்டு தெரியாது. மரம் மலையாளக் கரையிலிருந்தோ பர்மாவிலிருந்தோ வந்திருக்கலாம். ஆண்டு உறுதியான ஆனைமலை வளைய வரிசையோடு குறைந்தது 50 வளையம் பொருந்தினால் ஒழிய அதைச் சேர்க்காதீங்க. உத்தரத்தின் முனையில் வெளிறு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்க, இருந்தால் அந்தப் பக்கம் அறுக்க விடாதீங்க.