38 வெற்றி, 1 தோல்வி: 2014-15 கென்டக்கியைத் தலையில் தூக்கி வைப்பது நியாயமா?

லெக்சிங்டன்வாசி:
பக்கத்து இழையில் ஒருத்தர் "கோப்பை ஜெயிக்காத அணியை எப்படி மகத்தான அணி என்கிறீர்கள்" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே பேச்சு திசை மாறிவிட்டதால் தனியாகத் தொடங்குகிறேன். நான் சொல்வது இதுதான்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பட்டம் வெல்லாத அணிகளில் 2014-15 கென்டக்கிக்கு மேல் எதுவும் கிடையாது. வழக்கமான சீசனில் 31-0. கென்டக்கி ஆடும் எஸ்இசி பிரிவின் போட்டியும் முடிந்தபோது 34-0. தேசியப் போட்டியின் கடைசி நாலு அணிச் சுற்றான ஃபைனல் ஃபோருக்கு வரும்போது 38-0. கான்சாஸை 72-40 என்று அடித்தார்கள். கான்சாஸ் ஒன்றும் சப்பை டீம் இல்லை. சிகாகோவில் யுசிஎல்ஏவுக்கு எதிராக 24-0 என்று ஆரம்பித்து, அரைநேரத்தில் 41-7. ஏழு! ஒரு பாதி முழுக்க ஆடி ஏழே புள்ளி எடுத்தது யுசிஎல்ஏ. அப்புறம் ஃபைனல் ஃபோரில் ஒரு ராத்திரி விஸ்கான்சினிடம் 71-64 தோற்றுவிட்டார்கள், அதற்காக மொத்த சீசனையும் குப்பையில் போட வேண்டுமா?

மேடிசன் மாமா:
குப்பையில் போட யார் சொன்னது தம்பி, அலமாரியில் வைக்க இடமில்லை என்றுதான் சொல்கிறோம். கோப்பைக்கு உள்ள இடத்தில் கோப்பைதான் இருக்கும். டிசம்பரில் யுசிஎல்ஏவை நசுக்கியதற்கு யாரும் கொடி ஏற்றுவதில்லை.

கணக்குப்புலி:
வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் படம் தெரியாது. அந்த அணியிடம் நான் பார்க்கும் குறை வேறு. பத்துப் பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒரு அணி போனால் இன்னொரு அணி என்று கோச் கலிபாரி சீசனைத் தொடங்கினார். கேட்க நன்றாக இருந்தது, ஆளுக்கு இருபது நிமிஷம், யாருக்கும் மனக்குறை இல்லை. விளைவு என்ன? அதிகம் புள்ளி எடுத்த ஏரன் ஹாரிசனின் சராசரியே சுமார் 11தான். கார்ல்-அந்தோணி டவுன்ஸ் 10 சொச்சம், டெவின் புக்கர் 10. பகிர்ந்து ஆடுவது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கடைசி நாலு நிமிஷத்தில் ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது "பந்தை இவனிடம் கொடு, மற்றவன் ஒதுங்கு" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று சீசன் முழுக்க முடிவே செய்யவில்லை. விஸ்கான்சின் ஆட்டத்தில் அதுதான் வெளியே வந்தது.

பெஞ்ச்பாய்:
இரண்டு ஐந்து பேர் கதை டிசம்பரோடு முடிந்தது பாஸ். அலெக்ஸ் பாய்த்ரஸுக்குப் பயிற்சியில் முழங்கால் தசைநார் (ஏசிஎல்) கிழிந்ததும் ஒன்பது பேர்தான் மிச்சம். அதற்கப்புறம் எல்லா அணியும் ஆடுவது போலத்தான் ஆள் மாற்றினார்கள். ஏப்ரலில் நடந்ததற்கு நவம்பர் ஏற்பாட்டின் மேல் பழி போடுவது சரியில்லை.

கணக்குப்புலி:
ஏற்பாடு போனது, பழக்கம் போகவில்லை என்கிறேன்.

லெக்சிங்டன்வாசி:
நெருக்கடியில் ஆடவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஓல் மிஸ்ஸோடு ஓவர்டைம், 89-86. அடுத்த ஆட்டமே டெக்சஸ் ஏ&எம்மோடு இரட்டை ஓவர்டைம், 70-64. எல்எஸ்யுவை அவர்கள் ஊரிலேயே 71-69. கடைசி எட்டு அணிச் சுற்றான எலைட் எய்ட்டில் நோட்ர டேமை 68-66. அந்த நோட்ர டேம் ஆட்டத்தில் டவுன்ஸ் 25 புள்ளி. கடைசியில் ஆறு நொடி இருக்கும்போது ஆண்ட்ரூ ஹாரிசன் ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டான். கை நடுங்குகிற பசங்கள் அப்படிப் போடுவார்களா?

மேடிசன் மாமா:
அதே நோட்ர டேம் ஆட்டத்தைத்தான் நானும் காட்டுவேன். அன்றைக்கு டவுன்ஸ் கையில் பந்து போனது, ஜெயித்தீர்கள். ஒரு வாரம் கழித்து இண்டியானாபொலிஸில் என்ன நடந்தது? 60-56 என்று நீங்கள்தான் முன்னால். அங்கிருந்து அடுத்தடுத்து மூன்று முறை ஷாட் கிளாக் (பந்தை வளையத்துக்கு எறிய உள்ள நேரம்) முடிந்து பந்து பறிபோனது. ஒரு தடவை ஆகலாம், யாருக்கும் ஆகும். மூன்று தடவை வரிசையாக! அப்போது 35 நொடி கிளாக். அடுத்த சீசனில்தான் 30 ஆக்கினார்கள். 35 நொடியில் ஒரு ஒழுங்கான ஷாட் எடுக்க முடியவில்லை. பந்தைக் கொண்டுவரும் கார்டுகள் இரண்டு பேரும் வளையத்துக்கு முப்பதடி தள்ளி நின்று பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், டவுன்ஸ் உள்ளே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், கிளாக் பத்துக்கு வந்த பிறகுதான் யாரோ ஒருவன் நகர ஆரம்பிக்கிறான். அன்றைக்கு அரங்கத்தில் மேல்தட்டில் உட்கார்ந்திருந்த எனக்கே சிவப்பு எண் தெரிந்தது, அவர்களுக்குத் தெரியவில்லை. நாங்கள், விஸ்கான்சின், எட்டுப் புள்ளி வரிசையாக எடுத்து 64-60 ஆக்கினோம்.

லெக்சிங்டன்வாசி:
அந்த எட்டில் இரண்டு புள்ளி யாருடையது என்பதையும் சொல்லுங்களேன். 60-60 ஆக்கிய நைஜல் ஹேஸ் கூடை, ஷாட் கிளாக் முடிந்த பிறகு கையை விட்டுப் போனது. மறுஒளிபரப்பில் உலகமே பார்த்தது. அன்றைய விதிப்படி அதைத் திரும்பப் பார்க்க ரெஃப்ரிக்கு அனுமதி இல்லை. எங்களுக்கு மூன்று முறை விசில் அடித்த அதே கிளாக், உங்களுக்கு அடிக்கவில்லை.

மேடிசன் மாமா:
வந்துவிட்டதா, வரும் என்று தெரியும். ட்ரே லைல்ஸ் எங்கள் ஜாஷ் கேஸர் முகத்தில் அறைந்ததற்கும் விசில் வரவில்லை. அதையும் கணக்கில் சேருங்கள். தோற்றது ஏழு புள்ளியில், இரண்டில் இல்லை.

லெக்சிங்டன்வாசி:
கடைசி நிமிஷத்தில் வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ கொடுத்ததால் வந்த ஏழு அது. ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்போது 64-63தான். ஆட்டம் பார்த்தவர் இப்படிப் பேசக் கூடாது மாமா.

பெஞ்ச்பாய்:
ரெஃப்ரியை விடுங்கள் இருவரும். ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டைப் பிடித்தது, 34-22. உயரத்தால் ஜெயித்துக்கொண்டிருந்த அணி கென்டக்கி. டவுன்ஸ், காலி-ஸ்டைன், டகாரி ஜான்சன் என்று ஏழடிக்காரர்களை வரிசையாக வைத்திருந்த அணியிடம் விஸ்கான்சின் பன்னிரண்டு ரீபவுண்ட் கூடுதலாக எடுத்திருக்கிறது. எப்படி? ஃபிராங்க் கமின்ஸ்கியும் ஏழடி, ஆனால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று போடத் தெரிந்த ஏழடி. அவனைக் காக்க உங்கள் பெரிய ஆள் வெளியே வர வேண்டும், வந்தால் உள்ளே காலி. கமின்ஸ்கி 20 புள்ளி, 11 ரீபவுண்ட். முந்தைய வருஷம் இதே செமி ஃபைனலில், இதே கென்டக்கியிடம் விஸ்கான்சின் 74-73 என்று தோற்றபோது அவன் எடுத்தது எட்டே புள்ளி. ஒரு வருஷம் முழுக்க அந்த எட்டை மனதில் வைத்து உழைத்திருப்பான் என்று தோன்றுகிறது, இது என் ஊகம்தான்.

மேடிசன் மாமா:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கமின்ஸ்கி முதல் வருஷத்தில் ஆட்டத்துக்கு இரண்டு புள்ளிகூட எடுக்காதவன். பெஞ்சில் உட்கார்ந்து, எடை போட்டு, கால் நகர்த்தக் கற்று, நாலாம் வருஷத்தில் நாட்டின் சிறந்த வீரன் ஆனான். எங்கள் கோச் போ ரையன் அப்படித்தான் ஆள் வளர்ப்பார். கல்லூரி ஆட்டம் என்றால் அது. உங்கள் ஆட்கள் ஆகஸ்டில் சேர்ந்து ஏப்ரலில் பெட்டி கட்டுகிறவர்கள். சத்திரத்தில் தங்கியவனுக்கு வீட்டுக் கூரை ஒழுகுவது எப்படித் தெரியும்?

லெக்சிங்டன்வாசி:
ஒரு வருஷ விதி கலிபாரி போட்டதா? பள்ளி முடித்து ஒரு வருஷம் ஆகாமல், தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டுக்கு வரக் கூடாது என்று 2006 டிராஃப்டிலிருந்து என்பிஏதான் வைத்தது. அவர் இருக்கிற விதியில் ஆடினார். தவிர, அதே ஒரு வருஷப் பையன்களை வைத்து 2012ல் பட்டமும் வாங்கினார், அந்தோணி டேவிஸ் அணி, 38-2. ஹாரிசன் சகோதரர்கள் இரண்டாம் வருஷம், காலி-ஸ்டைன் மூன்றாம் வருஷம். எல்லோரும் விருந்தாளி இல்லை. உங்களை ஃபைனலில் 68-63 என்று தோற்கடித்த டியூக்கும் முதலாண்டுப் பசங்களை வைத்துத்தான் ஜெயித்தது, ஞாபகம் இருக்கட்டும்.

மேடிசன் மாமா:
அந்த ஃபைனலை எடுக்காதீர்கள், வயிறு எரிகிறது.

கணக்குப்புலி:
தோல்வி இல்லாமல் முடிவு வரைக்கும் வருவது எவ்வளவு கஷ்டம் என்று வரலாறு பார்த்தால் தெரியும். 1976ல் பாப் நைட்டின் இண்டியானா 32-0 என்று முடித்தது, அதற்குப் பிறகு ஆண்கள் பிரிவில் ஒருவரும் இல்லை. 1979ல் லாரி பேர்டின் இண்டியானா ஸ்டேட் 33-0 என்று வந்து ஃபைனலில் மேஜிக் ஜான்சனிடம் விழுந்தது. 1991ல் யுஎன்எல்வி 34-0, செமியில் டியூக்கிடம் 79-77. முந்தைய வருஷ ஃபைனலில் அதே டியூக்கை அவர்கள் 30 புள்ளியில் அடித்திருந்தார்கள். 2021ல் கொன்சாகா 31-0, பேய்லரிடம் 86-70. யுஎன்எல்வி, கென்டக்கி, கொன்சாகா மூன்றும் விழுந்தது இண்டியானாபொலிஸில். ஊருக்கு ஏதோ தோஷம் போல. என் கருத்து: இந்த வரிசையில் கென்டக்கிக்கு மேல் யுஎன்எல்வியை வைப்பேன். அவர்கள் கையில் முந்தைய வருஷக் கோப்பை இருந்தது.

பெஞ்ச்பாய்:
ஆள் திறமை என்று பார்த்தால் கென்டக்கிதான். 2015 டிராஃப்டில் ஆறு பேர் எடுக்கப்பட்டார்கள், டவுன்ஸ் முதல் ஆள். பதின்மூன்றாவதாகப் போன புக்கர் இரண்டு வருஷத்தில் பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 70 எடுத்தான். அந்தப் புக்கரைப் பெஞ்சிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த அணி இது! யோசித்துப் பாருங்கள். சொல்லப்போனால் என் கோபமே அதுதான். அந்த மூன்று ஷாட் கிளாக் முடிவுகளில் ஒன்றிலாவது புக்கருக்கு ஒரு ஸ்கிரீன் (அவனைக் காப்பவனை மறிக்க ஒரு ஆள்) வைத்து விட்டிருக்கலாம். கோச் டைம்அவுட் எடுத்து என்னதான் வரைந்தார்?

லெக்சிங்டன்வாசி:
கலிபாரியைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அவர் அதற்கப்புறம் எங்களை ஃபைனல் ஃபோருக்கே கூட்டிப்போகவில்லை, செயின்ட் பீட்டர்ஸ், ஓக்லண்ட் என்று பேர் தெரியாத கல்லூரிகளிடம் முதல் சுற்றிலேயே தோற்று, 2024ல் ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். ஆனால் கோச் கடைசி ஐந்து நிமிஷத்தில் சொதப்பினார் என்பதும் அணி மகத்தானது என்பதும் வேறு வேறு விஷயம். ஒரே ஆட்டத்தில் வெளியேற்றும் போட்டியில் எந்த அணியும் ஒரு ராத்திரி சறுக்கும். உங்கள் விஸ்கான்சின் அந்த வருஷம் ரட்கர்ஸிடம் தோற்றது, கமின்ஸ்கி இல்லாமல் ஆடியது என்று சாக்கு சொல்வீர்கள், சரி, ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு அணியும் ஏழு ஆட்டம் ஆடட்டும், நாலு எங்களுக்குத்தான்.

மேடிசன் மாமா:
ஏழு ஆட்டம் வைத்தால் அது என்பிஏ தம்பி. அங்கே ஆடலாம் என்றுதானே உங்கள் ஏழு பேரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.